காவல் இல்லாத வண்டிகள்

எக்ஸிடர்
15 ஏப்ரல் 1984

அன்புள்ள டெரெக்,

இங்கே நான் நலம், முழங்காலைத் தவிர. பாலினின் இருமல் தணிந்ததா? உங்கள் மகள் ஜேனட் பரீட்சைக்குப் படிக்கிறாளா, படிப்பதாகச் சொல்கிறாளா?

நம் 1810 தபால்வழிப் போர் விளையாட்டில் உன் எட்டாவது நகர்வு கிடைத்தது. உன் பிரெஞ்சுப் படை போர்த்துக்கலில் இதுவரை ஐந்து மாவட்டங்களைத் தின்று தீர்த்திருக்கிறது. ஐந்தையும் வரைபடத்தில் பென்சிலால் அடித்துவிட்டேன். ஒருமுறை சுரண்டிய மாவட்டம் அடுத்த அறுவடை வரை ஒரு பிடி தானியமும் தராது. ஆகவே உன்னைத் தடுக்க எனக்குப் பீரங்கி தேவையில்லை, பொறுமை போதும். என் படைக்கு லிஸ்பன் கிடங்கிலிருந்து மாட்டு வண்டிகள் ஒழுங்காக வருகின்றன. உன் குதிரைப்படை அவற்றை வழிமறிக்கும் என்கிறாய். மறிக்கட்டும். பகடைக்குப் பதில் வழக்கம்போல அடுத்த செவ்வாய்க்கிழமைச் செய்தித்தாள், பங்குச் சந்தைப் பக்கம், ஏழாவது வரியின் கடைசி இலக்கம். ஏழோ அதற்கு மேலோ வந்தால் வண்டிகள் உனக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன் கால் முறிந்து கிடந்த நீ, "பழைய காலத்துப் படைங்க என்ன தின்னுச்சுன்னு புத்தகம் எழுதுறியே, ஒரு படைக்கு நீ தீனி போட்டுக் காட்டு பாப்போம்" என்று சீண்டியபோது, இந்த விளையாட்டு ஒரு மாதம் தாங்காது என்றுதான் நினைத்தேன்.

உங்கள் சுரங்க வேலைநிறுத்தம் ஐந்து வாரத்தைத் தாண்டிவிட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை, இருந்தாலும் அக்காவாகச் சொல்கிறேன். குளிர் முடிகிற நேரத்தில் நிலக்கரியை நிறுத்துவது, எதிராளியின் கிடங்கு நிரம்பி வழியும்போது முற்றுகை போடுவதைப் போன்றது. வாக்கெடுப்பும் நடத்தவில்லை. இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் தலைவர்களுக்குத் தெரியுமா என்பதும் சந்தேகமே.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்ரி

*

ஆஷ்லோ
29 ஏப்ரல் 1984

அன்புள்ள ஆட்ரி,

நாங்கள் சௌக்கியம். உன் முழங்காலுக்கு என் அனுதாபம். பாலினின் இருமல் போய்விட்டது, பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

உன் கருத்துக்கு நன்றி. எங்களிடம் தளபதிகள் ஏற்கெனவே அதிகம்.

செய்தித்தாள் பார்க்கத் தொழிலாளர் மன்றத்துக்குப் போனேன். பங்குச் சந்தைப் பக்கத்தை நான் விரித்ததும் வால்ட் கத்தினான். இருபது வருஷமாக என்னோடு ஒரே குழியில் இறங்குகிறவன். "டேய், எல்லாரும் வாங்கடா! டெரெக் பங்கு வாங்கப் போறான்! எந்தக் கம்பெனி, முதலாளி?"

"ஏழாவது வரிக் கம்பெனி."

"என்ன விக்கிறாங்க?"

"யாருக்குத் தெரியும்? எனக்கு வேண்டியது கடைசி நம்பர்தான்."

"வேலைநிறுத்தம் ஒன்றரை மாசந்தான் ஆச்சு, அதுக்குள்ள இவனுக்கு மண்டை கழண்டுபோச்சு."

இலக்கம் மூன்று. உன் வண்டிகள் தப்பின. என் படை ஆறாவது மாவட்டத்துக்குள் நுழைகிறது. அதையும் அடித்துக்கொள்.

உன் நலம் வேண்டும்,
டெரெக்

*

ஆஷ்லோ
10 ஜூன் 1984

அன்புள்ள ஆட்ரி,

நலம், நலமே விரும்புகிறேன்.

நீ அனுப்பிய பொட்டலம் பிரிக்காமல் உனக்குத் திரும்பி வந்திருக்கும். கோபத்தில் அனுப்பவில்லை. நீ நம்பாத சண்டைக்கு நீ ரொட்டி அனுப்ப வேண்டாம், அவ்வளவுதான். இங்கே எங்களுக்கு எதிலும் குறையில்லை.

விளையாட்டு சம்பந்தமாக ஒரு கேள்வி. நானூறு பேருக்கு, இரண்டே அடுப்பில், தினமும் ஒரு வேளைச் சூடான சாப்பாடு போடவேண்டும் என்றால் அந்தக் காலத்துப் படையில் என்ன செய்திருப்பார்கள்? எரிபொருளும் குறைவு என்று வைத்துக்கொள். உலர்ந்த பட்டாணி வேக நேரம் பிடிக்கிறது.

என் நகர்வு: ஏழாவது மாவட்டம். அங்கும் கொஞ்சமே கிடைத்தது.

டெரெக்

*

எக்ஸிடர்
24 ஜூன் 1984

அன்புள்ள டெரெக்,

பொட்டலம் வந்து சேர்ந்தது. பத்து நாளாக அதைத் தாண்டித்தான் சமையலறைக்குள் போகிறேன். ஜேனட் பரீட்சை எப்படி எழுதினாள் என்று நீ சொல்லவே இல்லையே.

உன் கேள்விக்கு வருகிறேன். உன் படையில் நானூறு பேர் கொண்ட பிரிவு எதுவும் இல்லை. உங்கள் மன்றத்தின் சமையல்கட்டில் இரண்டு அடுப்புகள் உண்டு என்பது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதற்கு மேல் நான் கேட்கப்போவதில்லை.

பட்டாணியை முந்தின நாள் மாலையே ஊற வை. ஒரு கொதி வந்ததும் பானையை இறக்கி, வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் வைத்துக் கம்பளியால் மூடிவிடு. நாலைந்து மணி நேரத்தில் தன் சூட்டிலேயே வெந்துவிடும். அந்த நேரத்தில் அடுப்பு அடுத்த பானைக்குக் கிடைக்கும். பானை இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், பாதிப் பானையாகவும் இருக்கக் கூடாது. கடைசியில் கொஞ்சம் வினிகர் விடு. அலுப்புத் தட்டாது.

இன்னொன்று. விளையாட்டின் விதிகளை மறுபடி படித்துப் பார்த்தேன். நான் எழுதியவைதான், இருந்தாலும் பசி அதில் வெறும் எண்ணாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே பன்னிரண்டாம் விதியை முன்மொழிகிறேன். வண்டித் தொடர் ஒன்றை இழந்தவர், பிடித்தவருக்கு ஒரு பெட்டி நிஜச் சரக்கு அனுப்ப வேண்டும். சரக்கு 1810ஆம் ஆண்டுக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். டின் உணவுக்கு இங்கே காப்புரிமை கொடுத்ததே அந்த வருஷத்தில்தான். எனவே டின் மீன் செல்லும்.

என் நகர்வு: ஒரு வண்டித் தொடர், ஆற்றோரச் சாலையில், வடக்கு நோக்கி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆட்ரி

*

ஆஷ்லோ
22 ஜூலை 1984

அன்புள்ள ஆட்ரி,

எல்லோரும் நலம். ஜேனட் தேறிவிடுவேன் என்கிறாள். நீ சொன்ன வைக்கோல் பெட்டி வேலை செய்கிறது. செய்தவர்கள் சார்பில் நன்றி. ஆறு பெட்டிகள். நிலக்கரிக்கு மேலேயே குடியிருந்துகொண்டு வைக்கோலில் சமைக்கிற ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பன்னிரண்டாம் விதியில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உன் வண்டிகளை நான் தாக்கவில்லை. என் குதிரைப்படை குன்றின் மேல் நின்று, அவை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏன் என்று உனக்கே தெரியும். அந்தத் தொடரோடு ஒரு சிப்பாய்கூட இல்லை. காவல் இல்லாத வண்டியை இலக்கம் பார்க்காமலே பிடித்துக்கொள்ளலாம் என்பது உன் மூன்றாம் விதி. இரண்டு வருஷத்தில் நீ ஒரு கழுதையைக்கூடக் காவல் இல்லாமல் அனுப்பியதில்லை. மறுபடியும் உன் பொட்டலம்தான் இது, சக்கரம் வைத்து வந்திருக்கிறது.

பாலினிடம் வரைபடத்தைக் காட்டினேன். "உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லையா?" என்றாள். "அங்க படை பட்டினி, இங்க வீடு பட்டினி, நடுவுல நீ குன்று மேல நின்னு வேடிக்கை பாக்குற. உங்க குடும்பத்துல எல்லாருக்கும் முதுகெலும்பு கொஞ்சம் நீளம்."

அவள் மிகைப்படுத்திப் பேசுவாள். பட்டினி எல்லாம் இல்லை.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

டெரெக்

*

எக்ஸிடர்
5 ஆகஸ்ட் 1984

அன்புள்ள டெரெக்,

முழங்கால் அப்படியே. கேட்டதற்கு நன்றி.

நீ சொன்னது சரி. எதிராளியை இளப்பமாக எண்ணி ஆடுவது அவமரியாதை. மன்னித்துக்கொள்.

இந்த முறை வண்டித் தொடரோடு இரண்டு குதிரைப் படைப்பிரிவுகளும் ஒரு காலாட்படைப் பிரிவும் வருகின்றன. பாலத்தைத் தாண்டும்போது பீரங்கி முன்னால் போகும். எண்ணூறு பேரைப் பறிகொடுக்காமல் உன்னால் நெருங்க முடியாது. ஏழு, எட்டு, ஒன்பது வந்தால் மட்டுமே வண்டி உனக்கு. நான் உண்மையாகவே ஜெயிக்கப் பார்க்கிறேன். நீயும் உண்மையாகவே எடுக்கப் பார்.

வேலைநிறுத்தத்தைப் பற்றி நான் சொன்னது எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பாலினுக்கு என் அன்பு. அவள் மிகைப்படுத்துகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆட்ரி

*

ஆஷ்லோ
9 செப்டம்பர் 1984

அன்புள்ள ஆட்ரி,

நலம்! இதை எழுதும்போது வயிறும் நலம்!

இலக்கம் ஒன்பது. நான் மன்றத்தில் எழுந்து நின்றே கத்திவிட்டேன். வால்ட் ஓடி வந்து, "என்னடா, சமரசம் ஆயிடுச்சா?" என்றான். இல்லை, போர்த்துக்கலில் ஒரு பாலத்தைப் பிடித்துவிட்டேன் என்றேன். அவன் மற்றவர்களைப் பார்த்துத் தன் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டினான்.

பெட்டி வியாழக்கிழமை வந்தது. ஓட்ஸ், மாவு, பட்டாணி, தேயிலை, சர்க்கரை, டின் மீன் பதினாறு. பாதி மன்றத்துக்கு, பாதி வீட்டுக்கு. தொள்ளாயிரத்துச் சொச்சம் குதிரைவீரர்களைக் காவு கொடுத்து எடுத்த மீன் இது என்று பாலினிடம் சொன்னேன். "அப்ப முள்ளைப் பாத்துத் தின்னு" என்றாள்.

சண்டை போட்டு எடுத்ததற்கு நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. அதனால் சொல்லவில்லை. தேயிலை நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்த தொடருக்கும் காவல் குறையாமல் பார்த்துக்கொள்.

டெரெக்

*

எக்ஸிடர் (மேலே உள்ள புது முகவரியைக் குறித்துக்கொள்)
11 நவம்பர் 1984

அன்புள்ள டெரெக்,

இரண்டு மாதம் வெறும் நகர்வுச் சீட்டுகளாகவே அனுப்பிவிட்டேன். வீடு மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய வீட்டில் படிகள் அதிகம், முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. பாலினும் ஜேனட்டும் நலம்தானே? குளிருக்கு என்ன செய்கிறீர்கள்? தாளின் பின்பக்கத்தைப் பொருட்படுத்தாதே. பழைய பாடக்குறிப்புகள் மிச்சம் கிடந்தன.

அக்டோபரில் மூன்று முறை தாக்கினாய். இலக்கம் ஒன்று, நாலு, பூஜ்யம். விதியை எழுதியவள் நான். அந்த மூன்று செவ்வாய்க்கிழமைகளில் அவளை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பிறகு யோசித்தேன். ஒரு முறைக்கு ஒரு தொடர்தான் அனுப்பலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. என் படை பெரியது, அதற்கு நிறையத் தீனி வேண்டும். ஆகவே இந்த முறை எட்டுத் தொடர்கள், எட்டுச் சாலைகளில். ஒவ்வொன்றுக்கும் முழுக் காவல் உண்டு, எண்ணிப் பார்த்துக்கொள். நவம்பர் 20 செவ்வாய்க்கிழமைச் செய்தித்தாள், ஏழாவது வரியிலிருந்து பதினாலாவது வரி வரை.

உன் குதிரைகளுக்கு வேலை அதிகம்தான். அது உன் பாடு.

கதகதப்பாக இருங்கள்.

ஆட்ரி

*

ஆஷ்லோ
6 ஜனவரி 1985

அன்புள்ள ஆட்ரி,

புத்தாண்டு வாழ்த்துகள். எல்லோரும் உயிரோடும் ஓரளவு சூடோடும் இருக்கிறோம். புது வீடு வசதியா?

இதை உடனே எழுதியிருக்க வேண்டும். எழுத வரவில்லை.

நவம்பர் மாதம் நிர்வாகம் வீட்டுக்கு வீடு கடிதம் போட்டது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் திரும்பி வந்தால் கையில் இவ்வளவு கிடைக்கும் என்று. ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட பேருந்து ஒன்று தினமும் காலையில் தெருமுனைக்கு வந்தது. முதல் நாள் அதில் ஒருவன் ஏறினான். மறுவாரம் ஐந்து பேர். நாங்கள் ரோட்டில் நின்று "கருங்காலி" என்று கத்தினோம். அவர்களில் ஒருவன் என் கல்யாணத்தில் தோழனாக நின்றவன்.

ஜேனட்டின் காலணி ஓட்டையாகிவிட்டது. அவள் அதை எங்களிடம் சொல்லவில்லை. உள்ளே அட்டை வைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நவம்பர் 19 அன்றுதான் நான் பார்த்தேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போடும் பூட்ஸை எடுத்து மாட்டினேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பாலின் கதவருகே வந்து நின்றாள். என் காலைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எங்க கிளம்பிட்ட?"

"சும்மா."

"இன்னிக்கு செவ்வாக்கிழமை. ஆட்ரி எட்டு வண்டி விட்டிருக்கா. பேப்பர் பாக்கணும்ல?"

நான் பூட்ஸ் நாடாவை இறுக்கினேன்.

"எனக்கு ஓட்ஸ் தீந்துபோச்சு. போய்ப் பாத்துட்டு வா. அதுக்கப்புறம் எங்க வேணாலும் போ."

பேருந்து இடது பக்கம், மன்றம் வலது பக்கம். வலது பக்கம் திரும்பினேன்.

எட்டு வரி என்றதும் வால்ட் செய்தித்தாளைப் பிடுங்கி மேஜைமேல் ஏறி வாசிக்கத் தொடங்கினான். ஏழாவது வரி, இரண்டு. எட்டு, ஐந்து. ஒன்பது, நாலு. கூட்டம் முழுதும் "த்சே!" என்றது. பத்து, எட்டு! கூரை பிய்ந்துபோகும்படி ஒரு சத்தம். கடைசியில் எட்டில் மூன்று எங்களுக்கு. "பங்குச் சந்தையப் பாத்துக் கைதட்டுற சுரங்கத் தொழிலாளிங்க இந்த நாட்டுலயே நாமதான்டா" என்றான் வால்ட். நான் பூட்ஸோடு நிற்பதை அவன் பார்த்தான். வெங்காயம் உரிக்கக் கத்தியைக் கையில் கொடுத்தான். மதியம் வரை உரித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மன்றத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டார்கள். மூன்றாவது பெட்டியில் ஒரு ஜோடிக் காலணி இருந்தது. 1810ஆம் ஆண்டுக்குப் பொருந்தாது. ஜேனட்டின் அளவு உனக்கு எப்படித் தெரிந்தது என்று நான் பாலினிடம் கேட்கவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

டெரெக்

*

எக்ஸிடர்
10 பிப்ரவரி 1985

அன்புள்ள டெரெக்,

நலம். கையுறை போட்டுக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். உன் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர் மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினார், பாவம்.

படைகளுக்குக் காலணி கொடுப்பது பட்டாணியைவிடப் பழைய வழக்கம். வேண்டுமானால் என் புத்தகத்தில் நாலாம் அத்தியாயத்தைப் பார்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். விதிகளைத் திருத்தத் தெரிந்த எனக்கு, அதற்குப் பதில் எழுதத் தெரியவில்லை. ஒன்றைத் தொடங்கினேன். அப்பா இறந்த வருஷம், 1954, எனக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. உனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு நீ குழிக்குள் இறங்கினாய். நான் ரயில் ஏறித் திரும்பவும் படிக்கப் போனேன். இவ்வளவு எழுதியதும் தாள் முடிந்துவிட்டது.

நகர்வு: ஆறு தொடர்கள், முழுக் காவலோடு.

பாலினுக்கும் ஜேனட்டுக்கும் என் அன்பு.

ஆட்ரி

*

ஆஷ்லோ
31 மார்ச் 1985

அன்புள்ள ஆட்ரி,

நாங்கள் நலம். நீ நலமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

செய்தியில் பார்த்திருப்பாய். தோற்றுத்தான் திரும்பினோம். மார்ச் 5 காலையில் பேண்டு வாத்தியம் முன்னால் போக, கொடியைப் பிடித்துக்கொண்டு ஊரே நடந்தது. நீ சொன்னது சரி, அவர்கள் கிடங்கு நிறைந்திருந்தது. நானும் சொல்கிறேன், சரியான நேரத்துக்குக் காத்திருந்தால் எங்கள் குழியை அதற்குள் மூடியிருப்பார்கள். இரண்டும் உண்மை. சுரங்க வாசலில் வால்ட் அழுதான். தூசி விழுந்துவிட்டது என்றான்.

இப்போது உன் விஷயம். நவம்பரில், முழங்காலுக்காக வீடு மாறினேன் என்று எழுதினாய். பிப்ரவரியில், தபால்காரர் மூன்று மாடி ஏறி வந்தார் என்று எழுதினாய். வரைபடம் பார்த்தே பழகிய கண் எனக்கு. பாலின் பல்கலைக்கழகத்தில் உன் துறைக்குத் தொலைபேசியில் பேசினாள், உனக்கு நன்றி சொல்ல என்று. வாயில்காப்பாளர் எடுத்தாராம். "டாக்டர் ஹார்லியா? அவங்க செப்டம்பர்லயே போயிட்டாங்களேம்மா. அந்தத் துறையையே மூடிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எங்களுக்குத் தெரியாது. உனக்கு வேலை போன அதே மாதம், மன்றத்தில் நான் ஒன்பது என்று கத்திக்கொண்டிருந்தேன். அதற்கு அப்புறம் வந்த ஒவ்வொரு பெட்டியும் உன் சொந்தக் கிடங்கிலிருந்து வந்திருக்கிறது. மறுபடி நிரம்பாத கிடங்கு. எட்டுச் சாலை, எட்டுத் தொடர்! இதைத் தளபதி செய்தால் பதவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று உன் புத்தகத்திலேயே இருக்கும்.

திட்ட உட்கார்ந்தேன். பாலின் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "நன்றின்னு எழுது. நாலு எழுத்துகூட இல்ல. குழிக்குள்ள முப்பது வருஷம் இறங்குன ஆளுக்கு இது ஒண்ணும் ஆழமில்ல" என்றாள்.

நன்றி, ஆட்ரி.

என் நகர்வைக் குறித்துக்கொள். என் படை வாழ்க்கையில் முதல் தடவையாக வண்டி கட்டியிருக்கிறது. ஒரே ஒரு தொடர், தெற்கு நோக்கி, உன் குதிரைப்படைக்கு எதிரிலேயே போகிறது. காவல் முழுசாக இருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள். ஏப்ரல் 9 செய்தித்தாள், ஏழாவது வரி. பன்னிரண்டாம் விதி எனக்கும் பொருந்தும்தானே?

சரக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டது. வால்ட்டின் மச்சான் லாரியில் உன் ஊர் வழியாகப் பிளிமத் போகிறான். அவனை மூன்று மாடி ஏறச் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெறும் வழக்கத்துக்கு எழுதவில்லை.

டெரெக்

*

எக்ஸிடர்
14 ஏப்ரல் 1985

அன்புள்ள டெரெக்,

நலம். உண்மையாகவே கேட்டதால் உண்மையாகவே சொல்கிறேன். வாரத்தில் மூன்று நாள் மாலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். அங்கே வருகிறவர்கள் தூங்குவதில்லை, அது எனக்குப் புதிது. அறை சின்னது, கணப்பு பழையது. குளிர்காலம் முழுவதும் அதைப் பற்றவைக்கவில்லை.

வால்ட்டின் மச்சான் ஒரு மூட்டை நிலக்கரியைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி வந்து, வாசலில் நின்று, "ஆஷ்லோல மறுபடியும் வெட்டி எடுத்த முதல் வாரத்துக் கரி, மேடம். டெரெக் கையால வெட்டுனது. கையெழுத்துப் போடுங்க" என்றார். எதில் போடுவது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. தேநீர் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமைச் செய்தித்தாள் பார்த்தேன். ஏழாவது வரி, கடைசி இலக்கம் இரண்டு. என் குதிரைப்படை விரட்டியடிக்கப்பட்டது. உன் காவல் பலமாகத்தான் இருந்தது. உன் வண்டித் தொடர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று வரைபடத்தில் குறித்துவிட்டேன்.

ஆகவே விதிப்படி இந்த மூட்டை என்னுடையது அல்ல. நான் இதைக் கைப்பற்றவில்லை. பிரிக்காமல் உனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

சாயங்காலம் பிரித்தேன். கணப்பைப் பற்றவைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு இதை எழுதுகிறேன். எழுத்து நேராக இருப்பதைப் பார்த்திருப்பாய்.

இது நீ கொடுத்தது. வாங்கிக்கொண்டேன். நன்றி, 1954க்கும் சேர்த்து.

உன் நகர்வுக்குக் காத்திருக்கிறேன்.

உன் அக்கா,
ஆட்ரி